மனமும் உடலின் பக்கம்தான்: சிவஞான போதத்தின் மூன்றாம், நான்காம் சூத்திரங்களுக்கு ஒரு விளக்கவுரை

சிவஞான போதம் பன்னிரண்டு சூத்திரங்களும் நாற்பது அடிகளும் கொண்ட சிறிய நூல். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் செய்தது. முதல் இரண்டு சூத்திரங்களில் உலகத்தையும் அதை நடத்தும் முதல்வனையும் பேசி முடித்த நூல், மூன்றாம் சூத்திரத்தில் உயிரின் பக்கம் திரும்புகிறது. இந்த உடம்புக்குள் உடம்பு அல்லாத ஒன்று இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்லி, அதற்கு ஏழு காரணங்களை நான்கே அடிகளில் அடுக்குகிறார் மெய்கண்டார். அடுத்த சூத்திரம் மூன்று அடி. மனமும் உயிர் அல்ல என்று அது சொல்கிறது. சைவ நூல் என்பதற்காகப் பலர் தொடாமல் விட்டுவிடும் இந்த ஏழு அடிகளை, மனம் பற்றிய தத்துவத்தில் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையாவது நிறுத்திப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மனமும் உடலும் வேறு வேறா என்று இன்று கேட்கிறவர்கள் ஒருபுறம் நினைவு, சிந்தனை, உணர்ச்சி, முடிவு எல்லாவற்றையும் வைக்கிறார்கள்; மறுபுறம் சதை, எலும்பு, மூளை. ஐரோப்பாவில் 1641இல் தம் ‘தியானங்கள்’ நூலை வெளியிட்ட தத்துவஞானி டெக்கார்ட் கோடு போட்டது அங்கேதான். மெய்கண்டார் போடும் கோடு வேறிடத்தில் விழுகிறது. அவர் கணக்கில் மனமும், உலகத்துக்கு மூலப்பொருளான மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள், கண்ணையும் காதையும் போல ஒரு கருவி. கருவிகள் எல்லாம் ஒரு பக்கம். அவற்றைக் கொண்டு அறிகிற ஒன்று மறுபக்கம். இந்த இரு சூத்திரங்களின் பெறுமதி முழுவதும் அந்தக் கோட்டின் இடத்தில்தான் இருக்கிறது.

ஏழு காரணங்களும் ஏழு எதிராளிகளை நோக்கியவை. சூத்திரத்தில் எதிராளிகளின் பெயர் இல்லை. சூத்திரங்களோடு வரும் வார்த்திகம் என்ற விளக்கமும் பின்வந்த உரைகளும், முக்கியமாக 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் எழுதிய சிற்றுரையும் மாபாடியமும், யாருக்கு எந்த விடை என்று பிரித்துக் காட்டுகின்றன.

முதல் காரணம், உயிர் என்று ஒன்றும் இல்லை என்பவருக்கு. உடலைக் காட்டி இதுவா என்றால் இல்லை, மூச்சைக் காட்டி இதுவா என்றால் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் எதுவும் இல்லை என்று முடிக்கிறார் எதிராளி. அப்படி ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டு வந்தது எதுவோ அது இருக்கிறது என்கிறது சூத்திரம். டெக்கார்ட் எல்லாவற்றையும் ஐயுற்று, ஐயுறும் தன்னை ஐயுற முடியாமல் நின்ற இடம் இதற்கு மிக நெருக்கமானது. எதிர்வாதமும் இரண்டு மரபிலும் ஒன்றே. மறுப்பு என்ற நினைவு தோன்றி மறைந்தது, அவ்வளவுதான், அதற்குப் பின்னால் ஓர் ஆள் எதற்கு என்று பௌத்தர் கேட்பார். தனக்குள் எப்போது பார்த்தாலும் ஏதாவது ஓர் உணர்வுதான் அகப்படுகிறது, உணர்கிறவன் அகப்படவில்லை என்று 1739இல் தத்துவஞானி ஹியூம் எழுதினார். மெய்கண்டார் தரப்பில் நின்று ஒன்று சொல்லலாம். மறுப்பு ஒரே நினைவில் முடிவதில்லை. முதலில் தள்ளியதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைத் தள்ள வேண்டும். அந்தத் தொடர்ச்சியைத் தாங்கி நிற்பது எது என்ற கேள்வி ஹியூமையும் விட்டபாடில்லை. தம் நூலின் பின்னிணைப்பில் அவரே இந்த இடத்தில் தாம் திருப்தி அடையவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் காரணம் உடலே உயிர் என்பவருக்கு. இது என் கை, இது என் உடல் என்று சொல்கிறோமே, உடையவன் வேறு உடைமை வேறு அல்லவா என்பது வாதம். கேட்டவுடன் சரி என்று தோன்றும். ஏழில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவதும் இதுதான். என் பார்வையில் இது அவ்வளவு பாரம் தாங்காது. என் மனம் என்கிறோம், என் உயிர் போகிறது என்றும் சொல்கிறோம். அந்த வழியில் போனால் உயிருக்கும் ஓர் உடையவனைத் தேட வேண்டியிருக்கும். ‘என்னுடையது’ என்ற உணர்வே மூளை கட்டி எழுப்புவது என்பதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. 1998இல் போட்வினிக், கோயன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒருவரின் கையைத் திரைக்குப் பின்னால் மறைத்து, அவர் கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சற்று நேரத்தில் பலருக்கு அந்த ரப்பர் கை தம் கையாகவே உணரப்பட்டது. எனது என்ற உணர்வை இத்தனை எளிதாக இடம் மாற்ற முடியும் என்றால், அதிலிருந்து உடையவனின் இயல்பைக் கறந்தெடுக்க முடியாது. ஆனாலும் இந்தக் காரணம் ஒன்றைச் சரியாகவே தொடுகிறது. என் உடலை நான் உள்ளிருந்தும் அறிகிறேன், மேசையைப் போல ஒரு பொருளாக வெளியிலிருந்தும் அறிகிறேன். வேறு எந்தப் பொருளிடமும் எனக்கு இந்த இரட்டை உறவு கிடையாது.

மூன்றாம் காரணத்தில் சற்று நிற்க வேண்டும். புலன்களே உயிர் என்பவருக்கு இது விடை. கண் காண்பதைக் காது அறியாது, காது கேட்பதை மூக்கு அறியாது. கண்டதும் கேட்டதும் நானே என்று ஐந்தையும் சேர்த்து அறிவது எதுவோ, அது ஐந்தில் ஒன்றாக இருக்க முடியாது. இன்றைய நரம்பியல் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியிருக்கிறது. பார்வை என்ற ஒரே புலனுக்குள்ளும் நிறத்தை ஒரு பகுதியும் அசைவை வேறொரு பகுதியும் கையாள்கின்றன. மூளையில் இருபுறமும் சேதமடைந்து, அசைவைக் காணும் திறனை மட்டும் இழந்த ஒரு பெண்ணைப் பற்றி 1983இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். கோப்பையில் தேநீர் ஊற்றும்போது அது அவருக்கு உறைந்து நிற்பதுபோலத் தெரிந்தது. நிறம் தெரியும், வடிவம் தெரியும், ஓட்டம் தெரியாது. இத்தனை தனித்தனிப் பட்டறைகளில் உருவாவது எப்படி ஒரே காட்சியாக நமக்குக் கிடைக்கிறது என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விடை இன்றும் இல்லை. கேள்வியைப் பொறுத்தவரை மெய்கண்டார் சரியான இடத்தில்தான் கை வைத்தார்.

ஆனால் அவர் எதிர்பார்த்திருக்க முடியாத ஒரு சங்கடமும் இங்கே இருக்கிறது. கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தைச் சிலருக்கு அறுவை செய்து துண்டித்தார்கள். 1960களில் ஆய்வாளர்கள் ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கசனிகாவும் அவர்களைச் சோதித்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்வையின் இடப்பக்கத்தில் ஒரு பொருளின் பெயரைக் காட்டினால், ஒன்றும் தெரியவில்லை என்று வாய் சொல்கிறது. அதே நேரம் இடக்கை திரைக்குப் பின்னால் தடவித் தேடி அந்தப் பொருளைச் சரியாக எடுத்துவிடுகிறது. ஐந்தையும் சேர்த்து அறியும் ஒன்று அந்த மனிதருக்குள் இருக்கிறது என்றால், அது கண்டதா, காணவில்லையா? அறிவின் ஒருமை உயிரின் இயல்பு என்றால் கத்தி அதை எப்படிப் பிரித்தது? இந்நூலின் சைவ சித்தாந்த மரபில் நிற்பவர் சொல்லக்கூடியது, பிரிந்தவை கருவிகள், அறிபவன் பிரியவில்லை என்பது. அப்படிச் சொன்னால் தான் அறிந்ததையே அறியாமல் இருக்கக்கூடிய ஓர் அறிபவனை ஏற்க வேண்டிவரும். நூல் இதற்குத் தயாராகவே இருக்கிறது. ஆறாம் காரணத்தில் அது தெரியும்.

நான்காம் காரணம் கனவைப் பற்றியது. பருவுடல் பாயில் கிடக்கிறது, புலன்கள் அடங்கிவிட்டன, வேறோர் உடலோடு வேறோர் ஊரில் நடமாடுகிறோம். விழித்ததும் அதைக் கனவென்று அறிகிறோம். இரண்டு நிலைக்கும் பொதுவாக நின்று அறிந்தது இரண்டு உடலிலும் அடங்காது. நுண்ணுடலே உயிர் என்பவருக்கு இந்த விடை. அந்தத் தரப்பை இன்று பேசுவார் அரிது.

ஐந்தாம் காரணமே இந்தச் சூத்திரத்தின் நடுத்தூண் என்று எண்ணுகிறேன். மூச்சே உயிர் என்பவரிடம் நூல் கேட்கிறது: அயர்ந்து உறங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஏன் அப்போது இன்பதுன்ப நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை? இதன் வலுவை அறுவை அரங்கில் பார்க்கலாம். 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துப் பலர் முன்னிலையில் அறுவை செய்து காட்டியதிலிருந்து, மனிதரின் அனுபவத்தை மட்டும் தனியே நிறுத்திவைக்க மருத்துவம் கற்றிருக்கிறது. இதயம் துடிக்கும், இரத்தம் ஓடும், மூச்சை இயந்திரம் நடத்தும். வயிற்றைத் திறந்தாலும் வலி இல்லை. உயிரோடு இருப்பதும் உணர்வோடு இருப்பதும் வேறு என்பதை, உறங்குகிறவரின் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் வைத்துக்கொண்டு, ஈதருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்த அடி பிடித்துவிட்டது. அதை வியக்காமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்தக் கத்திக்கு இரு பக்கமும் கூர். மூச்சு இருந்தும் அனுபவம் இல்லாததால் மூச்சு உயிர் அல்ல என்றால், உயிர் இருந்தும் அனுபவம் இல்லையே, அப்போது உயிரும் அறிபவன் அல்ல என்று எதிராளி திருப்பிக் கேட்பார். உறக்கத்திலும் மயக்கத்திலும் உயிர் எங்கே போயிற்று? டெக்கார்ட்டை இந்தக் கேள்வி நெருக்கியது. மனத்தின் சாரமே சிந்தனை என்று அவர் சொல்லிவிட்டதால், மனம் ஒரு கணமும் சிந்திக்காமல் இருக்க முடியாது. ஆகவே ஆழ்ந்த உறக்கத்திலும், தாயின் கருப்பையிலும்கூட மனம் சிந்தித்துக்கொண்டிருக்கிறது, பிறகு நினைவில்லை, அவ்வளவே என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. தத்துவஞானி ஜான் லாக் இதை விடவில்லை. தலையாட்டித் தூங்குகிற மனிதன் ஒவ்வொருவனும் இந்தக் கொள்கைக்கு எதிரான சாட்சி என்பதே அவர் வாதத்தின் சாரம்.

மெய்கண்டாருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆறாம் காரணம் அதற்கான விடையைத் தன்னுள் வைத்திருக்கிறது. உயிர் தானாக அறிவதில்லை, அறிவிக்க அறிகிறது. முற்றறிவான பரம்பொருளே உயிர் என்பவருக்கு மறுப்பாகச் சொன்னது இது. முற்றறிவுக்கு யாரும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை அல்லவா? ஆனால் இந்தச் சிறு தொடர் செய்யும் வேலை அந்த மறுப்பைவிடப் பெரிது. உயிர் இருக்கலாம், கருவி சேராவிட்டால் எதையும் அறியாமலும் இருக்கலாம். இருளில் கண் இருப்பது போல. அறிதல் உயிரின் தகுதி, எப்போதும் நடக்கும் செயல் அல்ல. உறக்கம், மயக்கம், கருப்பை எதற்கும் தனி விளக்கம் தேட வேண்டியதில்லை. டெக்கார்ட் மனத்துக்குத் தந்த தன்னிறைவை இந்த நூல் உயிருக்குத் தர மறுக்கிறது. உடலை விட்டு விலகியதும் தானே தெளிவாக எண்ணிக்கொண்டிருக்கும் தூய சிந்தனைப் பொருள் ஒன்று இங்கே கிடையாது. உடல் வேறு என்று இத்தனை அழுத்திச் சொல்லும் ஒரு கொள்கை, உடல் இல்லாமல், பந்தத்தில் கட்டுண்ட உயிருக்கு அறிவே இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. இதை மறந்து இந்தச் சூத்திரத்தை டெக்கார்ட்டின் தமிழ் வடிவமாகப் படிப்பது இரண்டு பேருக்கும் செய்யும் அநீதி.

ஏழாம் காரணம், இந்த உறுப்புகள் எல்லாம் கூடிய கூட்டமே உயிர் என்பவருக்கு. உடல் மாயையாலான ஓர் இயந்திரம். ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, எதற்கும் உயிர் என்ற பெயர் இல்லை. எனவே அதற்குள் இருப்பது வேறு. ஏழில் இதுவே பலவீனமானது என்று கருதுகிறேன். கூட்டத்தின் பண்பு உறுப்புகளில் தனித்தனியே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மணிமேகலையில் வரும் பூதவாதி இதை முன்பே சொல்லியிருக்கிறார்: பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டிவைத்தால், அவற்றில் தனித்தனியே இல்லாத களிப்பு மதுவில் பிறக்கிறது, பூதங்களின் கூட்டத்தில் உணர்வும் அப்படியே பிறக்கிறது. தமிழில் பொருள்முதல்வாதத்தின் மிக வலுவான வாதம் அது. பெயர் வேற்றுமையைக் காட்டும் ஏழாம் காரணம் அதைத் தொடவில்லை. தத்துவஞானி கில்பர்ட் ரைல் 1949இல் ஓர் இயந்திரத்துக்குள் பேயைக் குடிவைத்ததாக டெக்கார்ட்டைப் பழித்தபோது எடுத்ததும் இதே இயந்திர உவமைதான். ஏழாம் காரணத்தை மட்டும் தனியே படித்தால் அந்தப் பழி இங்கும் ஒட்டும்.

அதைத் துடைப்பது நான்காம் சூத்திரம். அகக்கருவிகள் நான்கு: ஒன்றைப் பற்றி அதுவோ இதுவோ என்று ஆராயும் மனம், இன்னது என்று தீர்மானிக்கும் புத்தி, நான் என்று எழும் அகங்காரம், எண்ணிக்கொண்டிருக்கும் சித்தம். உயிர் இவற்றில் ஒன்றும் அல்ல, இவற்றோடு கூடியது என்கிறது சூத்திரம். அரசனும் அமைச்சரும் போல என்று உவமை சொல்கிறது. அமைச்சர் இல்லாமல் அரசன் ஒரு காரியமும் செய்ய இயலாது. ஆனாலும் அமைச்சர் அரசன் அல்லர். அறிவை மறைக்கும் உடன்பிறந்த மலத்தால் தன்னை மறந்திருக்கும் உயிர், இந்தக் கருவிகள் கூடுவதற்கும் பிரிவதற்கும் ஏற்ப ஐந்து நிலைகளில் போய்வருகிறது.

அந்த ஐந்து நிலைகளுக்கு மரபு தரும் கணக்கு அழகானது. விழிப்பில் 35 கருவிகள் தொழிற்படுகின்றன. கனவில் கண் முதலிய அறிபுலன்கள் ஐந்தும் கை முதலிய செயற்கருவிகள் ஐந்தும் ஓய்ந்து 25 மிஞ்சுகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் சித்தம், பிராணன் என்ற மூச்சு, நுகர்வோனாய் நிற்கும் புருடன் என மூன்று. அடுத்த நிலையில் சித்தமும் போய் இரண்டு. கடைசியில் மூச்சும் அடங்கி ஒன்று. உணர்வை உண்டு அல்லது இல்லை என்று இரண்டாகப் பிரிக்காமல், கருவிகள் படிப்படியாகக் கழன்று விழும் ஏணியாகப் பார்த்திருக்கிறார்கள். இன்றைய மருத்துவமனையில் நினைவிழந்து கிடப்பவரின் நிலையை மருத்துவர்கள் மதிப்பெண் இட்டுப் படிப்படியாகக் குறிக்கிறார்கள். எண்களுக்குப் பின்னுள்ள உடற்கூறு முற்றிலும் வேறு. படிகள் உண்டு என்ற பார்வை ஒன்றே.

நினைவும் தீர்மானமும் ‘நான்’ என்ற எழுச்சியும்கூடச் சடத்தின் வேலை என்று ஒரு சமய நூல் சொல்வதன் துணிவை அளந்து பார்க்க வேண்டும். 1848இல் அமெரிக்காவில் இருப்புப்பாதை வேலையின்போது வெடித்தெழுந்த இரும்புக் கம்பி பினியஸ் கேஜின் தலையை ஊடுருவியது. அவர் பிழைத்தார், ஆனால் அவர் பழைய கேஜ் அல்ல என்று நண்பர்கள் சொன்னார்கள். குணமும் தீர்மானமும் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தவை என்று காட்ட இந்த நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். மனம் உடலிலிருந்து வேறு என்பவருக்கு இது பெரிய இடி. சிவஞான போதத்துக்கு இடியே இல்லை. புத்தியும் அகங்காரமும் கருவி என்று அது முன்பே சொல்லிவிட்டது. கருவி உடைந்தால் அதன் வேலை கெடும்.

மறதி நோயில் அம்மாவைப் பறிகொடுக்கும் பிள்ளைகள், அம்மா போய்விட்டார், உடம்புதான் இருக்கிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பெற்ற மகளின் பெயர் தெரியவில்லை, சாப்பிட்டது நினைவில்லை, கோபமும் சிரிப்பும் இடம் மாறி வருகின்றன. ஆளை அவருடைய நினைவும் குணமுமாக மட்டும் கொண்டால் அந்தப் பிள்ளைகள் சொல்வது சரி. நான்காம் சூத்திரத்தின்படி அது தவறு. போனவர்கள் அமைச்சர்கள். 2006இல் நரம்பியலாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. விபத்தில் மூளை அடிபட்டு, உணர்வற்ற நிலை என்று முடிவு கட்டப்பட்டிருந்த ஓர் இளம்பெண்ணை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமுள்ளவரின் மூளையில் எழும் அதே தூண்டல் அவர் மூளையிலும் எழுந்தது. இது உயிர் தனிப்பொருள் என்பதற்குச் சான்று ஆகாது. அவருடைய மூளை வேலை செய்ததால்தான் அது தெரியவந்தது. ஆனால் வெளியே தெரியும் கருவிகளின் நிலையை வைத்து உள்ளே அறிபவர் இல்லை என்று தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு அது சான்று.

இத்தனைக்கும் பிறகு ஒரு கடினமான கேள்வி நிற்கிறது. நினைவு, குணம், தீர்மானம், நான் என்ற உணர்வு எல்லாவற்றையும் சடத்தின் கணக்கில் எழுதிவிட்டால் உயிரின் கணக்கில் என்னதான் மீதி? மிஞ்சுவது ஒன்றே ஒன்று: இவை எல்லாம் யாருக்கோ அனுபவமாக இருப்பது. 1995இல் தத்துவஞானி டேவிட் சாமர்ஸ் உணர்வைப் பற்றிய கேள்விகளை இரண்டாகப் பிரித்தார். மூளை எப்படிப் பிரித்தறிகிறது, நினைக்கிறது, பேசுகிறது என்பவை ஆய்வால் தீரக்கூடியவை. இவை நடக்கும்போது ஏன் ஓர் அனுபவமும் சேர்ந்து இருக்கிறது என்பது வேறு வகைக் கேள்வி. அவர் கோடு போட்ட இடம் மெய்கண்டாரின் கோட்டுக்கு அருகில் இருக்கிறது. மனத்தின் வேலை முழுவதையும் சடத்துக்கு விட்டுக்கொடுத்த பிறகும் விடாமல் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று இருவரும் கருதுகிறார்கள். இந்தக் கோடு டெக்கார்ட்டின் கோட்டைவிடச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்பதே இந்த உரையில் நான் சொல்ல வந்தது.

கோடு சரியான இடத்தில் விழுந்தால் மட்டும் போதாது, இரு பக்கத்துக்கும் தொடர்பு எப்படி என்றும் சொல்ல வேண்டும். 1643 மே மாதத்தில் பொகீமிய இளவரசி எலிசபெத், அப்போது அவருக்கு 24 வயது, டெக்கார்ட்டுக்குக் கடிதம் எழுதிக் கேட்டது இதைத்தான்: இடமோ பரப்போ இல்லாத மனம் உடலை எப்படித் தள்ளும்? டெக்கார்ட்டிடமிருந்து அவருக்கு நிறைவான விடை வரவில்லை. மெய்கண்டாரிடம் மனத்துக்கும் உடலுக்கும் நடுவே இந்தச் சிக்கல் எழாது, இரண்டும் மாயையே. ஆனால் உயிருக்கும் மனத்துக்கும் நடுவே அதே சிக்கல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐந்தாம் சூத்திரம் அதற்குக் காந்தத்தையும் இரும்பையும் காட்டுகிறது. தொடாமலே, முன்னிலையில் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றைத் தொழிற்படுத்துகிறது. உவமையைத் தேர்ந்தவரின் கவனம் கூர்மையானது. தொடாமல் இயக்குவது உலகில் நடக்கிற காரியம் என்று அது காட்டுகிறது. எப்படி என்று காட்டவில்லை. காந்தத்தின் ‘எப்படி’க்கு 19ஆம் நூற்றாண்டில் ஃபாரடேயும் மேக்ஸ்வெலும் விடை சொன்னார்கள். எலிசபெத்தின் கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.